காயமுற்ற மூளையும் செல்வெளி நுண்பைகளும்

உடலின் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களும் தம்மைச் சூழ்ந்த திரவத்துக்குள் சவ்வால் மூடிய மிகச் சிறிய பைகளை வெளியிடுகின்றன. இவை செல்வெளி நுண்பைகள் எனப்படும். இவற்றில் பெரும்பாலானவற்றின் விட்டம் 30 முதல் 1,000 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். தாய்ச்செல்லின் புரதங்கள், கொழுப்புகள், ஆர்.என்.ஏ. துணுக்குகள் ஆகியவை இந்தப் பைகளுக்குள் இருக்கின்றன. வேறொரு செல் அந்தப் பையை உள்வாங்கினால், உள்ளிருக்கும் பொருள்கள் அந்தச் செல்லின் நடத்தையை மாற்றக்கூடும்.

மூளைக்கு இது தனி முக்கியத்துவம் உடையது. தோலும் கல்லீரலும் இழந்த செல்களைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கின்றன. வளர்ந்த மனித மூளையின் பெருமூளைப் புறணியோ இழந்த நியூரான்களை ஈடுசெய்வதில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு ஏற்படும் பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் மடிவதாக 2006இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. இருந்தும் நோயாளிகளில் பலர் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஓரளவு தேறுகிறார்கள். உயிர்தப்பிய நியூரான்கள் புதிய கிளைகளை நீட்டுவது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகத் தோன்றுவது, அழற்சி தணிவது, நரம்பிழைகளின் மேலுறை மீண்டும் உருவாவது ஆகியவையே அந்தத் தேறுதலுக்குக் காரணம். இந்த நான்கு வேலைகளிலும் செல்வெளி நுண்பைகளுக்குப் பங்குண்டு என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயையும் அழற்சியையும் பரப்புவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு என்பதையும் அதே ஆய்வுகள்தாம் காட்டியுள்ளன.

கழிவு என்று கருதப்பட்ட காலம்

நுண்பைகளின் தடயம் முதலில் ரத்த உறைவு ஆய்வில் கிடைத்தது. 1946இல் எர்வின் சார்காஃப், ராண்டால்ஃப் வெஸ்ட் ஆகியோர் பிளாஸ்மாவை மிக வேகமாகச் சுழற்றியபோது, ரத்தத்தை உறையச்செய்யும் ஏதோ ஒரு நுண்பொருள் அடியில் படிவதைக் கண்டனர். 1967இல் பீட்டர் உல்ஃப் அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, பிளேட்லெட் தூசி என்று குறிப்பிட்டார்.

1983இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே மற்றொரு வகைப் பையைக் கண்டறிந்தன. ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டாலின் குழு. மற்றொன்று கனடாவின் மான்ட்ரியால் நகரில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழு. முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு இனித் தேவைப்படாத இரும்பேற்பிப் புரதத்தைச் சிறு பைகளில் அடைத்து வெளியே தள்ளுவதை இரு குழுக்களும் கண்டன. ஜான்ஸ்டோன் 1987இல் இப்பைகளுக்கு எக்சோசோம் என்று பெயரிட்டார். செல் தன் கழிவை அகற்றும் வழி இது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது.

இக்கருத்து இரண்டு கட்டங்களில் மாறியது. 1996இல் கிராசா ரபோசோவும் உடனாய்வாளர்களும், பி-லிம்போசைட்டுகள் விடும் எக்சோசோம்கள் நோயெதிர்ப்பு டி-செல்களைத் தூண்ட வல்லவை என்று காட்டினர். 2007இல் சுவீடனின் கோதன்பர்க்கில் ஹாதி வலாதி, யான் லோட்வால் ஆகியோரின் குழு, எக்சோசோம்களில் தூது ஆர்.என்.ஏ.வும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருப்பதை வெளியிட்டது. சுண்டெலியின் மாஸ்ட் செல்கள் விட்ட எக்சோசோம்களை மனித மாஸ்ட் செல்களுக்கு அளித்தபோது, மனிதச் செல்களுக்குள் சுண்டெலியின் புரதங்கள் உருவாயின. ஒரு செல்லின் மரபுக் குறிப்பு இன்னொரு செல்லில் செயல்படக்கூடும் என்பது அதனால் உறுதியானது. மூளை ஆய்வாளர்களின் கவனம் இத்துறைக்குத் திரும்பியதில் அந்த ஆய்வறிக்கைக்குப் பெரும் பங்குண்டு.

உருவாகும் விதமும் உள்ளடக்கமும்

நுண்பைகள் தோன்றும் வழியைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. எக்சோசோம்கள் செல்லின் உள்ளே பிறக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் எண்டோசோம் என்ற அறையின் சவ்வு உட்புறமாக மடிந்து, அதற்குள் பல சிறு பைகள் நிறைகின்றன. அந்த அறை செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்ததும் பைகள் வெளியே கொட்டுகின்றன. இவற்றின் விட்டம் ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர் வரை. நுண்வெசிக்கிள்கள் வெளிச்சவ்விலிருந்தே மொட்டு விட்டுப் பிரிகின்றன. இவை பொதுவாக 100 முதல் 1,000 நானோமீட்டர் அளவின. மூன்றாம் வகை, திட்டமிட்ட மரணத்தில் செல் சிதறும்போது உண்டாகும் பெரிய பைகள்.

எக்சோசோம் உருவாக இரண்டு வழிகள் தெரியவந்துள்ளன. ஒன்றில் எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் சவ்வை மடித்து வெட்டுகிறது. மற்றொன்றில் செராமைடு என்ற கொழுப்பு சவ்வை வளைக்கிறது. இந்த இரண்டாம் வழியை 2008இல் மிக்கேல் சைமன்ஸின் குழு மூளையின் ஒலிகோடென்ட்ரோசைட் வகைச் செல்களிலேயே கண்டறிந்தது. செராமைடை உண்டாக்கும் நொதியைத் தடுத்தால் எக்சோசோம் வெளியீடு குறைகிறது. அந்தத் தடுப்பான் இன்று மூளை ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் கருவி.

உள்ளடக்கத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அதிக கவனம் பெற்றுள்ளது. சுமார் 22 எழுத்து நீளமே உடைய இந்த மூலக்கூறு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.க்களோடு இணைந்து அவை புரதமாக மாறாமல் தடுக்கிறது. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களை ஒருசேர அடக்க முடியும் என்பதால், சிறு அளவிலும் பெரும் விளைவு கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

நலமான மூளையில் நுண்பைகள்

மூளையின் முக்கியச் செல் வகைகள் எல்லாமே நுண்பைகளை விடுகின்றன: மின்குறிப்புகளைக் கடத்தும் நியூரான்கள், அவற்றுக்கு ஊட்டமளித்துச் சூழலைப் பேணும் ஆஸ்ட்ரோசைட்டுகள், காவலும் துப்புரவும் பார்க்கும் மைக்ரோகிளியா, நரம்பிழைகளைச் சுற்றி மையலின் உறையை இடும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள், ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஆகியவை அவற்றில் அடங்கும்.

இவற்றில் தெளிவாக விளக்கப்பட்ட உறவு ஒலிகோடென்ட்ரோசைட்டுக்கும் நியூரானுக்கும் இடையிலானது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஈவா-மரியா கிரேமர்-ஆல்பர்ஸின் குழு 2013இல் இதை வெளியிட்டது. நியூரான் செயல்படும்போது குளுட்டமேட்டைச் சுரக்கிறது. ஒலிகோடென்ட்ரோசைட்டின் ஏற்பிகள் அதை உணர்ந்ததும் எக்சோசோம்கள் வெளியாகின்றன. நியூரான் அவற்றை உள்வாங்குகிறது. அதன்பின் ஊட்டக்குறைவையும் ஆக்சிஜனேற்ற நெருக்கடியையும் முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. உழைக்கும் நியூரானுக்குக் கேட்டபோது உதவி சேர்கிறது என்பதே இதன் பொருள். மீட்டரளவுக்கு நீளும் நரம்பிழைகளும் உண்டு. அவற்றின் தொலைமுனைக்குத் தேவையானதை எல்லாம் செல்லின் உடற்பகுதியிலிருந்தே அனுப்புவது கடினம் என்பதால், அருகிலிருந்து வரும் இந்த உதவிக்கு மதிப்பு அதிகம்.

நியூரான்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் எதிர்பாராத ஒன்று 2018இல் தெரியவந்தது. நினைவு பதிவதற்கு இன்றியமையாத ஆர்க் என்ற புரதம், வைரஸின் மேலோடு போன்ற கூடுகளாகத் தானே ஒன்றுசேர்ந்து, தன் தூது ஆர்.என்.ஏ.வையே அடைத்துக்கொண்டு நுண்பைகள் வழியாக அடுத்த செல்லுக்குப் போகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷெப்பர்டின் குழு எலியினச் செல்களிலும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் விவியன் பட்னிக்கின் குழு பழ ஈக்களிலும் இதைக் கண்டன. வைரஸுடன் உறவுடைய பழங்கால மரபுத் துண்டு ஒன்றிலிருந்து ஆர்க் பரிணமித்தது என்பதால், அந்தப் பழைய திறன் மூளையில் புதிய பணிக்கு வந்திருக்கிறது.

மூளை வளர்ச்சியிலும் நுண்பைகளுக்குப் பங்குண்டு. 2019இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஹோலிஸ் கிளைன், ஜான் யேட்ஸ் குழு, ரெட் நோய்க்குறி என்ற நரம்பு வளர்ச்சிக் கோளாறுக்குக் காரணமான மரபணுக் குறைபாடு கொண்ட மனித நரம்புச் செல்களுக்கு நலமான செல்களின் எக்சோசோம்களை அளித்தது. குன்றியிருந்த செல் பெருக்கமும் நரம்பிணைப்பு வளர்ச்சியும் மேம்பட்டன.

காயத்துக்குப் பின்

பக்கவாதமோ தலைக்காயமோ நேர்ந்த மூளையில் நுண்பைகளின் எண்ணிக்கையும் உள்ளடக்கமும் மாறுகின்றன. முதல் மணிநேரங்களில் அவை பெரும்பாலும் அபாய அறிவிப்பைப் பரப்புகின்றன. சிதைந்த செல்களிலிருந்து கசியும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு மைக்ரோகிளியாவைத் தூண்ட, அவை அழற்சியை மூட்டும் இன்டர்லூகின்-1பீட்டாவை நுண்பைகளில் அடைத்து வெளியிடுகின்றன. 2017இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு, மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகள் விட்ட பைகள் ரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கு அழற்சிக் குறிப்புகளைச் சுரக்கச்செய்து, வெள்ளணுக்களை மூளையை நோக்கி வரவழைப்பதைக் காட்டியது. தலைக்காயத்துக்குப் பின் உடல் முழுவதும் ரத்த உறைவு சீர்கெடுவதற்கு, காயமுற்ற மூளைச் செல்கள் விடும் நுண்பைகள் ஒரு காரணம் என்பதை 2015இல் வெளியான மற்றொரு சுண்டெலி ஆய்வு உணர்த்தியது.

ஆனால் காப்பும் அதே வழியில் வருகிறது. பாஸ்டனில் எங் லோவின் ஆய்வகம் 2016இல் சுண்டெலிகளில் கண்டதன்படி, பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்ட்ரோசைட்டுகள் தம் மைட்டோகாண்ட்ரியாக்களையே துகள்களாக வெளியிடுகின்றன. அருகிலிருக்கும் நியூரான்கள் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. இந்த வெளியீட்டை இயக்கும் சி.டி.38 என்ற புரதத்தைக் குறைத்தபோது விலங்குகளின் நிலை மோசமானது. ஆற்றல் உற்பத்தி நின்றுபோன செல்லுக்கு, ஆற்றல் உண்டாக்கும் உறுப்பே கைமாற்றப்படுவது இது.

ஆகவே ஒரு நுண்பை நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பது அதை விட்ட செல்லையும் அச்செல் இருந்த நிலையையும் பொறுத்தது. சிகிச்சை ஆய்வுகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை: எந்தச் செல்லை, எந்தச் சூழலில் வளர்த்தால், மீட்சிக்கு உதவும் பைகள் கிடைக்கும்?

ஸ்டெம் செல்லிலிருந்து நுண்பைக்கு

இக்கேள்விக்கான முதல் விடை ஸ்டெம் செல் ஆய்வின் ஒரு புதிரிலிருந்து வந்தது. டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையில் மைக்கேல் சாப் குழுவினர் 2001இல், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மெசென்கைம் ஸ்டெம் செல்களை, பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்தத்தில் செலுத்தினர். எலிகள் தேறின. ஆனால் செலுத்திய செல்களில் மிகச் சிலவே மூளையை அடைந்தன. பெரும்பாலானவை நுரையீரலில் தங்கின. மூளைக்குள் போனவையும் நியூரான்களாக மாறி இழப்பை ஈடுசெய்யும் அளவில் இல்லை. செல் இடம்பெறாமலே பலன் கிடைத்ததென்றால், அது சுரந்த ஏதோ ஒன்றே வேலை செய்திருக்க வேண்டும்.

அந்தச் சுரப்பில் நுண்பைகள் அடங்கும் என்பதற்கான சான்று முதலில் இதயத்தில் கிடைத்தது. சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு 2010இல், மெசென்கைம் ஸ்டெம் செல்களின் எக்சோசோம்களை மட்டும் செலுத்திச் சுண்டெலிகளின் மாரடைப்புச் சேதத்தைக் குறைத்தது. 2012, 2013 ஆண்டுகளில் டெட்ராய்ட் குழு இதை மூளைக்குக் கொண்டுவந்தது. பக்கவாதம் உண்டாக்கி 24 மணிநேரம் கழித்து, எலிகளின் ரத்த நாளத்தில் எக்சோசோம்கள் செலுத்தப்பட்டன. நரம்பிழைகளின் மறுவளர்ச்சியும், புதிய நியூரான் முன்னோடிகளும், புதிய ரத்தக்குழாய்களும் பெருகின. விலங்குகளின் இயக்கமும் மேம்பட்டது.

2015இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் தோர்ஸ்டன் டோப்னர், பெர்ன்ட் கீபல், டிர்க் ஹெர்மன் ஆகியோர் செல்களையும் அவற்றின் நுண்பைகளையும் சுண்டெலிகளில் நேருக்கு நேர் ஒப்பிட்டனர். நுண்பைகளின் பலன் செல்களின் பலனுக்கு இணையாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பின் உடலின் நோயெதிர்ப்பு சரிவதையும் நுண்பைகள் மட்டுப்படுத்தின. பக்கவாத நோயாளிகளைப் பிந்தைய நாட்களில் தாக்கும் நிமோனியா போன்ற தொற்றுகளை எண்ணும்போது இது சிறிய செய்தி அன்று.

உயிருள்ள செல்லைவிட நுண்பைக்குச் சில நடைமுறை வசதிகள் உண்டு. அது பெருகாது, எனவே கட்டியாகும் அச்சம் குறைவு. நுண்ணிய குழாய்களை அடைக்கும் வாய்ப்பும் குறைவு. வடிகட்டித் தூய்மைப்படுத்தலாம், உறையவைத்துச் சேமிக்கலாம், அவசரப் பிரிவில் உடனே எடுத்துப் பயன்படுத்தலாம்.

பெரிய விலங்குகளிலும் பலன் தெரிந்துள்ளது. எலியின் மூளையில் வெண்பொருளின் பங்கு மிகக் குறைவு. பன்றியின் மூளை இதில் மனித மூளையை ஒத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்டைஸின் குழு 2018இல், மனித நரம்பு ஸ்டெம் செல்களின் நுண்பைகளைப் பக்கவாதம் உண்டாக்கப்பட்ட பன்றிகளுக்கு 24 மணிநேரத்துக்குள் மூன்று முறை அளித்தது. சேதப் பரப்பும் வீக்கமும் குறைந்தன, நடையும் மேம்பட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2019இல் நடந்த ஆய்வில், கையை இயக்கும் மூளைப் பகுதியில் காயம் உண்டாக்கப்பட்ட முதிய ரீசஸ் குரங்குகளுக்கு எக்சோசோம்கள் தரப்பட்டன. அவை சில வாரங்களிலேயே காயத்துக்கு முன்பிருந்தது போன்ற விரல் பிடியைத் திரும்பப் பெற்றன.

பலன் தரும் விதம்

டெட்ராய்ட் ஆய்வுகள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-133பி என்ற மூலக்கூறைச் சுட்டின. காயமுற்ற மூளையின் சாற்றில் வளர்த்தபோது ஸ்டெம் செல்கள் இதைத் தம் எக்சோசோம்களில் கூடுதலாக அடைத்தன. நியூரான்களுக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்ததும், நரம்பிழை வளர்ச்சிக்குத் தடைபோடும் ஆர்.எச்.ஓ.ஏ. போன்ற புரதங்களை இது அடக்கியது. ஸ்டெம் செல்லில் இம்மூலக்கூறைக் கூட்டியபோது மீட்சி கூடியது, குறைத்தபோது குறைந்தது. 2017இல் அதே குழு 17-92 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. தொகுப்பை மிகுதியாக ஏற்றிய எக்சோசோம்களைப் பயன்படுத்தியது. இத்தொகுப்பு, வளர்ச்சிப் பாதையைக் கட்டுப்படுத்தும் பி.டி.இ.என். புரதத்தைக் குறைத்தது, சாதாரண எக்சோசோம்களைவிட மீட்சி அதிகமாக இருந்தது.

தலைக்காய ஆய்வொன்று மற்றொரு தெளிவைத் தந்தது. 2015இல் எலிகளுக்குக் காயத்தின் மறுநாள் எக்சோசோம் தரப்பட்டபோது காயப் பரப்பு சுருங்கவில்லை. ஆயினும் கற்கும் திறனும் இயக்கமும் மேம்பட்டன, அழற்சி தணிந்தது. இறந்த திசுவை மீட்காமலே, எஞ்சிய திசுவைத் திருத்தியமைப்பதன் மூலம் பலன் கிட்டியது. பக்கவாதத்துக்கு இன்றுள்ள மருத்துவம் நேரத்தோடு போட்டியிடுவது: உறைவைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணிநேரத்துக்குள் தரப்பட வேண்டும்; தேர்ந்தெடுத்த நோயாளிகளில் உறைவைக் கருவியால் அகற்றுவதற்கும் 24 மணிநேரமே வரம்பு. அந்த வரம்பு கடந்த பின்னும் உதவக்கூடிய சிகிச்சைக்கு நுண்பைகள் வழி காட்டுகின்றன.

பிற காயங்களிலும் ஆய்வுகள் உள்ளன. டெக்சாஸில் அசோக் ஷெட்டி, டார்வின் புரோக்காப் ஆகியோரின் குழு 2017இல், தொடர் வலிப்புக்கு உள்ளாக்கப்பட்ட சுண்டெலிகளின் மூக்கில் நுண்பைகளைச் செலுத்தியது. அவை 6 மணிநேரத்துக்குள் நினைவின் மையமான ஹிப்போகேம்பஸை அடைந்தன. நியூரான் இழப்பு குறைந்தது, நினைவுத் திறன் காக்கப்பட்டது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2019இல், தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்ட எலிகளுக்கு, பி.டி.இ.என். மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வை ஏற்றிய எக்சோசோம்களை மூக்கு வழியே கொடுத்து, இயக்கத்தில் கணிசமான முன்னேற்றத்தைக் கண்டனர். சிகாகோவில் ரிச்சர்ட் கிரெய்க் ஆய்வகம் 2014இல், நோயெதிர்ப்பு டென்ட்ரிட்டிக் செல்களின் எக்சோசோம்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-219 வழியாக மையலின் உறையை மீண்டும் உருவாக்கத் தூண்டுவதைக் காட்டியது. ஆக்சிஜன் தடைப்பட்ட குறைமாத ஆட்டுக் கருக்களில் 2016இல் நடந்த ஆய்வின் முடிவு கலவையானது: வலிப்புகள் குறைந்தன, மூளை அழற்சி குறையவில்லை.

மூளையை எட்டும் வழி

ரத்தத்தில் செலுத்திய நுண்பைகளுக்கு ஆயுள் குறைவு. விலங்குகளில் அவை சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து பெருமளவு மறைந்து, கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றில் சேர்கின்றன. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் பெரும்பாலான பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. சில நுண்பைகளைக் குழாய்ச்சுவர்ச் செல்கள் ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் விடுகின்றன. அழற்சியின்போது இந்தக் கடப்பு கூடுகிறது. என்றாலும் மூளையை அடைவது செலுத்திய அளவில் சிறு பங்கே.

இதைக் கூட்ட மூன்று உத்திகள் கையாளப்படுகின்றன. முதலாவது, மேற்பரப்பை மாற்றுவது. ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் குழு 2011இல், வெறிநாய்க்கடி வைரஸின் புரதத் துண்டு ஒன்றை எக்சோசோம் மேல் பொருத்தியது. நியூரானை நாடிச் செல்லும் வைரஸின் இயல்பு எக்சோசோமுக்குக் கிடைத்தது. அதில் ஏற்றிய ஆர்.என்.ஏ., அல்சைமர் நோயோடு தொடர்புடைய பேஸ்-1 நொதியின் அளவைச் சுண்டெலி மூளையில் சுமார் 60 விழுக்காடு குறைத்தது. இரண்டாவது, மூக்கு வழி. நுகர்ச்சி நரம்புகளை ஒட்டிய பாதை ரத்தக்குழாய்த் தடையைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. மூன்றாவது, மருந்தை நுண்பையில் ஏற்றுவது. மஞ்சளில் உள்ள குர்குமின் நீரில் எளிதில் கரையாது. உடலில் விரைவில் சிதையும். அதை எக்சோசோமில் ஏற்றி மூக்கு வழியே கொடுத்தபோது சுண்டெலிகளின் மூளை அழற்சி தணிந்ததை 2011இல் ஒரு குழு வெளியிட்டது. 2018இல் சீன ஆய்வாளர்கள், அடைப்புண்ட பகுதியின் ரத்தக்குழாய்களை நாடும் துண்டு பொருத்திய எக்சோசோம்களில் குர்குமினை ஏற்றிப் பக்கவாதச் சுண்டெலிகளில் சோதித்தனர்.

நோயைப் பரப்பும் பைகள்

அல்சைமர் நோய் ஆய்வு இத்துறையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2006இல் லாரன்ஸ் ராஜேந்திரன், காய் சைமன்ஸ் ஆகியோரின் குழு, பீட்டா அமிலாய்டு புரதத்தின் ஒரு பகுதி எக்சோசோம்களோடு வெளியேறுவதையும், நோயாளிகளின் மூளைப் படிவுகளில் எக்சோசோம் புரதங்கள் சேர்ந்திருப்பதையும் கண்டது. 2015இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சுனேயா இகேசு குழு, மைக்ரோகிளியாவை நீக்கியபோதும், எக்சோசோம் உற்பத்தியைத் தடுத்தபோதும், இந்நோயோடு தொடர்புடைய மற்றொரு புரதமான டாவ் சுண்டெலி மூளையில் பரவுவது குறைவதைக் காட்டியது. 2024இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அல்சைமரால் இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த நுண்பைகளுக்குள் டாவ் இழைகள் சவ்வோடு பிணைந்திருப்பதை உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்தனர்.

ஆனால் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வுகளில், நியூரான்களின் எக்சோசோம்கள் பீட்டா அமிலாய்டைப் பற்றிக்கொண்டு, மைக்ரோகிளியா அதை விழுங்கி அகற்ற உதவின. எனவே எக்சோசோம் வெளியீட்டை முழுதாகத் தடுப்பது பாதுகாப்பான சிகிச்சையாக இருக்க முடியாது. துப்புரவும் அதனோடு தடைப்படும்.

நோயறிதலில்

மூளையிலிருந்து ரத்தத்துக்கு வரும் நுண்பைகள், திசுவை வெட்டி எடுக்காமலே மூளையின் நிலையை அறிய உதவலாம். பாஸ்டனில் சாண்ட்ரா பிரேக்ஃபீல்டு குழு 2008இல், கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் கண்ட 25 பேரில் 7 பேரின் ரத்த நுண்பைகளில், கட்டிக்கே உரிய மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தது.

நியூரானின் பைகளை மட்டும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க எல்1கேம் என்ற புரதம் அடையாளமாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. 2021இல் ஹார்வர்டின் டேவிட் வால்ட் குழு, பிளாஸ்மாவிலும் தண்டுவடத் திரவத்திலும் எல்1கேம் நுண்பைகளோடு சேர்ந்திருக்கவில்லை, பெரும்பாலும் கரைந்த புரதமாகவே இருக்கிறது என்று காட்டியது. அந்த அடையாளத்தை நம்பிய பல ஆய்வுகளின் முடிவுகள் மறுபரிசீலனைக்கு வந்தன.

தீராத சிக்கல்கள்

முதல் சிக்கல் தூய்மை. நுண்பைகளைப் பிரிக்கும்போது, அளவில் ஒத்த கொழுப்புப் புரதத் துகள்களும் தனிப் புரதங்களும் சேர்ந்தே வருகின்றன. கண்ட பலன் நுண்பையுடையதா, உடன்வந்த பொருளுடையதா என்ற ஐயம் நீடிக்கிறது. பன்னாட்டு நுண்பை ஆய்வுக் கழகம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் நெறிமுறைகளில் ஆய்வாளர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய விவரங்களை வகுத்தது. பிறப்பிடம் நிரூபிக்கப்படாத நிலையில் எக்சோசோம் என்ற சொல்லைத் தவிர்க்கும்படியும் அது பரிந்துரைக்கிறது.

இரண்டாவது சிக்கல் அளவு. 2014இல் சியாட்டிலின் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, மிகுதியாக உள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரு பிரதியைக் காணவே சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட எக்சோசோம்கள் தேவைப்பட்டன. உள்வாங்கிய பைகளில் பல செல்லின் செரிமான அறைகளில் சிதைவதையும் சேர்த்து எண்ணினால், மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டுமே பலனுக்குக் காரணம் என்ற விளக்கம் போதாது. மேற்பரப்புப் புரதங்களும், கொழுப்புகளும், நோயெதிர்ப்பு மண்டலத்தின் வழியான மறைமுக விளைவும் கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவது சிக்கல் ஒரே தரத்தில் உற்பத்தி செய்வது. நன்கொடையாளரின் வயது, வளர்ப்புத் திரவம், ஆக்சிஜன் அளவு, செல்களின் தலைமுறை ஆகிய எதுவும் நுண்பையின் உள்ளடக்கத்தை மாற்றும். மருந்தின் அளவைப் புரத எடையில் சொல்வதா, துகள் எண்ணிக்கையில் சொல்வதா என்பதில்கூட ஒருமித்த வழக்கம் இல்லை.

மனிதரில் சான்று

மனித ஆய்வுகள் தொடக்க நிலையில் உள்ளன. ஈரானிய மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பக்கவாதத்தால் மண்டையோட்டைத் திறக்க நேர்ந்த ஐந்து நோயாளிகளின் மூளைத் திசுவில், நச்சுக்கொடி ஸ்டெம் செல்களின் எக்சோசோம்கள் செலுத்தப்பட்டன. சிகிச்சையோடு தொடர்புடைய கடும் பாதகம் தென்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஐந்து பேரின் ஆய்வு பாதுகாப்பைப் பற்றிச் சிறிது சொல்லும். பலனைப் பற்றி எதையும் நிறுவாது.

பக்கவாத மருந்தாய்வின் வரலாறும் எச்சரிக்கை தருகிறது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, கடும் பக்கவாதத்துக்காக அதுவரை சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை மனிதரில் சோதிக்கப்பட்டன. மூளைச் செல்களைக் காக்கும் மருந்து என்ற வகையில் விலங்குகளில் வென்ற எதுவும் மனிதரில் தெளிவாக வெல்லவில்லை. இளமையும் நலமும் உள்ள எலியில் கிடைத்த பலன், ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள முதியவரில் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

சந்தை இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எக்சோசோம் என்ற பெயரில் ஊசிகளை விற்கும் நிலையங்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தகைய பொருள்களைப் பெற்ற நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு நேர்ந்ததைத் தொடர்ந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. எந்த எக்சோசோம் பொருளுக்கும் ஒப்புதல் தரப்படவில்லை என்பதை அதில் அது தெளிவுபடுத்தியது.

காயமுற்ற மூளையின் செல்கள் நுண்பைகள் வழியே ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பதும், ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் நுண்பைகள் விலங்குகளின் மீட்சியைக் கூட்டுகின்றன என்பதும் பல ஆய்வகங்களில், பல விலங்கினங்களில் காணப்பட்ட முடிவுகள். நுண்பைகள் மனித மூளையையும் தேற்றும் என்பதைக் கட்டுப்பாட்டுக் குழுவோடு கூடிய பெரிய சோதனைகள்தாம் நிறுவ வேண்டும். அதுவரை, பதிவு செய்யப்பட்ட ஆய்வுக்கு வெளியே பணம் பெற்றுத் தரப்படும் எந்த எக்சோசோம் ஊசியும் மூளை நோய்க்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஆகாது.